உடும்புக்கு உண்டு, குன்றுக்கு இல்லை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது அம்மையார்குப்பம். தறிச் சத்தம் ஓயாத நெசவு ஊர். சரணாலயம், புலிகள் காப்பகம் என்று எந்தப் பெயர்ப்பலகையும் இங்கே கிடையாது. காட்டுயிர்ச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவன் முதுமலையிலோ களக்காட்டிலோ அல்லவா தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். அங்கே தொடங்கினால் எல்லாம் சட்டத்துக்குள் அடங்கியதாகத் தெரியும். சட்டம் எந்த இடத்தில் கையை விடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த மாதிரி ஊருக்குத்தான் வர வேண்டும்.

இந்த வட்டாரத்தில் இருப்பவை பாறைக் குன்றுகள், முள்புதர், ஏரிகள், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகள். கலாக்காயும் சூரையும் சீத்தாவும் கள்ளியும் மண்டிய இந்தப் புதர்க்காட்டின் குடிகள் உடும்பு, நரி, கீரி, கவுதாரி, மயில், நட்சத்திர ஆமை. படம் எடுத்துச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய விலங்கு ஒன்றும் இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வேறு கதை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில். மயிலும் அதில்தான். 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது நரியும் நட்சத்திர ஆமையும் அங்கே ஏறிவிட்டன. முதல் அட்டவணை விலங்கு ஒன்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சரி, அந்த உடும்பு குடியிருக்கும் குன்று? அது வருவாய்த் துறைக் கணக்கில் தரிசு, கல்லாங்குத்து அல்லது மலைப் புறம்போக்கு. உடும்பைக் கொன்றவனுக்குச் சிறை. உடும்பு வாழும் குன்றை வெடி வைத்து ஜல்லியாக்குகிறவருக்கு அரசு முத்திரையோடு குத்தகை ஆணை. இரண்டும் ஒரே மாவட்டத்தில், ஒரே ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நம் சட்டம் உயிரினத்தை ஒரு பட்டியலிலும் நிலத்தை வேறொரு வரைபடத்திலும் வைத்திருக்கிறது. பட்டியலும் வரைபடமும் சந்திக்காத இடத்தில் இருக்கின்றன இந்நாட்டின் பெரும்பாலான ஊர்கள்.

இது ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை. காட்டுயிர்ச் சட்டத்துக்கும் வனச் சட்டத்துக்கும் பிறப்பே வேறு வேறு. தமிழ்நாட்டில் பறவைகளுக்கான பாதுகாப்பு தொடங்கிய கதை அழகானது. செங்கல்பட்டுப் பகுதியில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் ஏரிப் பறவைகள் மீது தங்களுக்குள்ள உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். ஒரு நீர்நிலை, அதன் பறவைகள், அந்த நீரால் விளையும் வயல், அதை நம்பும் மக்கள் ஆகிய நான்கையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்த ஆவணம் அது. பின்னாளில் வந்த சட்டம் எதற்கும் அந்தப் பார்வை வாய்க்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தவை தனித்தனிச் சட்டங்கள். காட்டு யானைகளுக்காகச் சென்னை மாகாணம் 1873இல் ஒரு சட்டம் செய்தது. இந்திய அளவில் பறவைகளுக்காக 1887இல் ஒன்று, பறவை விலங்கு இரண்டுக்குமாக 1912இல் இன்னொன்று வந்தன. நிலத்துக்கு வேறு வழி. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்கவில்லை. கிராமத்தாரின் மேய்ச்சல், விறகு உரிமைகள் பறிபோகும் என்று வருவாய் வாரியத்தில் இருந்தவர்களே தடை சொன்னார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு வந்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். தமிழ்நாட்டில் காப்புக்காடு என்று கல் நட்டுப் பலகை வைத்த இடமெல்லாம் இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருக்கும் அந்தச் சட்டத்தின் அக்கறை மரத்தின் மீதும் அது தரும் வருமானத்தின் மீதும். உடும்பு அதன் கண்ணில் படவில்லை.

திருத்தணி வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இது பழைய கார்வேட்டிநகர ஜமீன் பூமி. ஜமீன் ஒழிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் மாகாணமெங்கும் ஜமீன்தார்கள் காடுகளை வெட்டி விற்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க வந்தது 1949ஆம் ஆண்டின் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டம். அப்புறம் மொழிவாரி மாநிலம் வந்து, இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் முடிந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகம் சேர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போன காடுகளுக்கு ஆந்திரம் 1967இல் தனி வனச் சட்டம் இயற்றிக்கொண்டது. இந்தப் பக்கத்துக் காடு 1882இலேயே நின்றது. ஒரே மலைத்தொடர், ஒரே புதர், இரண்டு சட்டம். நரிக்கு இது தெரியாது.

நாடு முழுவதற்கும் பொதுவான, விரிவான காட்டுயிர்ச் சட்டம் என்று ஒன்று வர 1972 ஆயிற்று. அதே ஆண்டுதான் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்து, இந்திரா காந்தி அங்கே பேசினார். 1976இன் 42ஆம் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதோடு, அவற்றைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் அரசமைப்பில் எழுதி வைத்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அது சொன்னது.

காடு என்றால் எது? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் எழுப்பக் காரணமானவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு. கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் அவர் போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாட்டையே புரட்டியது. பதிவேட்டில் காடு என்று இருப்பது மட்டும் காடு இல்லை, அகராதி எதைக் காடு என்று சொல்கிறதோ அதுவும் காடு. நிலம் யாருடையது என்பது முக்கியமில்லை என்றது நீதிமன்றம். மாநிலங்கள் நிபுணர் குழு அமைத்து அப்படிப்பட்ட காடுகளை அடையாளம் காண வேண்டும் என்றும் சொன்னது. கோதவர்மன் 2016இல் காலமானார். 2023இல் நாடாளுமன்றம் வனச் சட்டத்தைத் திருத்தி அந்த அகராதிப் பொருளைச் சுருக்கப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுப் பழைய பொருளே தொடரட்டும் என்றது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. அகராதிக் காடு என்றாலும் மனத்தில் வருவது அடர்ந்த மரங்கள்தான். ஆளுயர முள்ளும் பாறையும் புல்லும் கலந்த அம்மையார்குப்பத்துக் குன்றை எந்த அதிகாரி காடு என்று எழுதுவார்? மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூலில் புதர் நிலம் ஒரு தரிசு வகையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தீர்வைக் கணக்கிலிருந்து வந்த பழக்கம் இது. வரி தராத நிலம் பயனற்ற நிலம். கவுதாரிக்கும் உடும்புக்கும் அதுவே வீடு, அடர்காட்டில் விட்டால் அவற்றுக்குப் பிழைப்பு இல்லை. தரிசு என்று எழுதிவிட்டால் குவாரிக்குக் கொடுக்கலாம், மனைப்பிரிவு போடலாம், நல்லெண்ணத்தில் யாராவது தைல மரம்கூட நடலாம்.

குவாரி விதிகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஜல்லி, கருங்கல், கிராவல் எல்லாம் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959இன் கீழ் வருகின்றன. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் வெகு காலம் சுற்றுச்சூழல் அனுமதியே இல்லாமல் நடந்தன. பெரிய குவாரியைத் துண்டுதுண்டாக்கி ஏமாற்றுகிறார்கள் என்பதைக் கண்டு, 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பின் 2021இல் தமிழக அரசு விதிகளில் ஒரு நல்ல திருத்தம் செய்தது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், யானை வழித்தடம் இவற்றோடு காப்புக்காடுகளிலிருந்தும் 1 கி.மீ. தூரத்துக்குள் குவாரி கூடாது என்றது. ஓராண்டுதான் ஆயிற்று. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகள் மட்டும் எடுக்கப்பட்டன. வருவாய் இழப்பும் குவாரிக்காரர்களின் முறையீடும் காரணமாகச் சொல்லப்பட்டன.

சரணாலயம் உள்ள மாவட்டத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. காப்புக்காடு மட்டுமே உள்ள திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை மாதிரியான பகுதிகளுக்கு அந்த ஒரு சொல்தான் அரணாக இருந்தது. அது போயிற்று. வனத்துறையை இதில் குறை சொல்ல மாட்டேன். குன்று அவர்களுடையது இல்லை, விதி அவர்கள் எழுதியதும் இல்லை.

ஏரிகளின் நிலை இதைவிட வேடிக்கை. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நாட்டில் விண்கோள் படம் வைத்துக் கணக்கிட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க உத்தரவிட்டது. அதே 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகளோ, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதன் கட்டிய நீர்நிலைகள் ஈரநிலம் ஆகாது என்று விலக்கி வைத்தன. தமிழ்நாட்டில் பாசனத்துக்காக வெட்டாத ஏரி எது? அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் வேடந்தாங்கலே தேறாது. பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையான ராம்சாரின் பட்டியலில் ஏறியதால் அது தப்பிக்கிறது. தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன, இந்தியாவிலேயே அதிகம். அவற்றில் பாதிக்கு மேல் ஊர்க்காரர்கள் வெட்டிய கண்மாயும் ஏரியும்தான். பட்டியலில் இல்லாத ஆயிரக்கணக்கான ஏரிகளுக்கு மிச்சம் இருப்பது 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அது கரையையும் எல்லைக் கல்லையும் பார்க்கும். நீர்க்கோழி கூடு கட்டும் கோரையைப் பார்க்காது.

இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. தமிழகப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பறவைச் சரணாலயம், 1980இல் அறிவித்தது. ஆந்திரப் பகுதிக்கு 1976இலேயே அறிவிப்பு வந்துவிட்டது. அங்கே ஏரிக்கு நடுவில் கோடு, பூநாரைகள் காலையில் ஒரு மாநிலத்திலும் மாலையில் ஒரு மாநிலத்திலும் மேய்கின்றன. பழவேற்காட்டு மீனவர்கள் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று பாடு முறை வைத்துத் தலைமுறைகளாகத் தங்களுக்குள் பங்கிட்டு வந்தவர்கள். ஏரியை அளவுக்கு மேல் அரிக்கவிடாமல் வைத்திருந்த அந்த ஊர்க்கட்டுப்பாட்டைச் சரணாலயச் சட்டம் ஒரு விதியாகவே கண்டுகொள்ளவில்லை.

பட்டியல் சட்டத்தின் கூர்மையும் கொடுமையும் சேர்ந்து தெரியும் இடம் செம்மரம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நமக்கு வடக்கே சேஷாசலம், வெலிகொண்டா, லங்கமலைப் பக்கங்களில்தான் பிரதானமாக வளர்கிறது. 1995இல் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. தடை கடுமையாக ஆக விலை ஏறியது, விலை ஏற ஏற ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயனிலிருந்தும் கோடாலி பிடிக்கக் கூலியாட்கள் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தமிழர்கள். மோதலில் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல் துறை. பேருந்தில் வந்தவர்களை இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் உயிர் தப்பியவர்கள். மரத்தைக் காக்கும் சட்டத்தின் பேரில் இவ்வளவு பேர் ஒரே நாளில் செத்தது வேறெங்கும் நான் படித்ததில்லை. கட்டைகளைத் துறைமுகம் வரை கொண்டுபோனவர்கள் எவரும் அந்த இருபதில் இல்லை.

சட்டத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு இருளர்களின் கதை இன்னொரு சாட்சி. திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் பரவி வாழும் இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது பரம்பரைத் தொழில். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபோது ஒரே நாளில் வேலை போயிற்று. 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் வேலை. நாட்டின் நஞ்சுமுறிவு மருந்துக்கு அதுவே பெரிய ஆதாரம். 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டம் மூடிய கதவைப் பக்கத்திலேயே வேறு வழியாகத் திறந்துவிட்ட அரிய நிகழ்வு இது. மற்றபடி, காட்டில் வாழ்வோருக்கு நில உரிமை தரும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்கூட 2008இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் 2016 வரை பட்டா தர வழியின்றிக் கிடந்தது.

விவசாயிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் வள்ளிமலை இங்கிருந்து தொலைவில் இல்லை. கவண் வீசிக் கிளி விரட்டிய அந்த வேலையை இன்று ராத்திரியெல்லாம் தகர டப்பா தட்டி நிலக்கடலைக்காரர் செய்கிறார். காட்டுப்பன்றிக்காக 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை அதைத் தொடக் கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையே சுடலாம். மயிலுக்கு அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. குன்றுகள் உடைந்து, நரி அருகி, மயில் பெருகுவதைப் பார்க்கிறோம். முட்டையையும் குஞ்சையும் தின்ன நரியும் உடும்பும் இல்லாத வயலில் மயிலைத் திட்டி என்ன பயன்?

உயிரினமும் வாழிடமும் பிரிந்து நிற்கும் இந்தச் சிக்கலை வெளிநாட்டில் எப்படிப் பார்த்தார்கள்? அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினத்தோடு அதன் வாழிடத்தையும் சேர்த்துக் கட்டியது. விரல் நீளமுள்ள ஒரு மீனுக்காக டென்னஸியில் முடியும் தறுவாயில் இருந்த அணையை 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்து அணையை முடித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் வாழிட வகைகளையே பட்டியலிட்டது: புல்வெளி, சதுப்பு, புதர் என்று. உயிரினத்துக்குப் பட்டியல் போட்ட நாம் வாழிடத்துக்கு அப்படிப் போடவே இல்லை.

ஆனால் கருவி அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் அதிகம் பேசப்படாத சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் செடி, விலங்கு, நீர்நிலை, நாட்டு விதை, அவற்றைப் பற்றிய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது அது. அதன் 37ஆம் பிரிவின்படி மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கலாம். 2022 நவம்பரில் மதுரை அரிட்டாபட்டி அப்படித் தமிழகத்தின் முதல் தலமாயிற்று. வெறும் பாறைக் குன்றுகள், சுனைகள், ஏரிகள், பருந்தினங்கள், சமண, சைவச் சின்னங்கள். கல் குவாரிக்கு ஏற்ற குன்று என்று எவரும் சொல்லக்கூடிய இடம்தான். 2025இல் திண்டுக்கல் காசம்பட்டியின் வீரகோவில் காடு இரண்டாவது தலமாயிற்று. பரப்பு 4.97 ஹெக்டேர், அவ்வளவுதான். ஆனாலும் சட்டத்தில் அதற்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது.

அரிட்டாபட்டிக்கு அந்தப் பெயர் இருந்தும் 2024 நவம்பரில் அதைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டது மத்திய அரசு. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மரபுத் தலம் என்ற தாள் மட்டும் இருந்திருந்தால் சுரங்கம் வந்திருக்கும். மக்கள் மட்டும் இருந்து தாள் இல்லாதிருந்தால் அவர்கள் பேச்சு இவ்வளவு தூரம் ஏறியிருக்குமா என்பதும் ஐயமே.

அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊர்க் குன்றின் பெயரும் ஏரியின் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள், குவாரிக்கான மனு வருவதற்கு முன்பே.